நாளுக்கு 23 கிலோ இட்லி மாவு

வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது கிரைண்டரைப் பற்றித்தான். எத்தனை லிட்டர், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது நேரம். எத்தனை மணிக்கு ஊற வைப்போம், எத்தனை மணிக்கு அரைப்போம், அரைத்த மாவு எத்தனை மணிக்கு வாங்குகிறவர் பாத்திரத்துக்குப் போகும். இந்த மூன்றும் உங்கள் ஆபீஸ் நேரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு நல்ல கிரைண்டர் வாங்கினாலும் தொழில் நிற்காது.

மாவு என்பது அரைத்த நிமிடத்திலிருந்து மாறிக்கொண்டே இருக்கும் பொருள். உளுந்தோடும் அரிசியோடும் வரும் பாக்டீரியாக்கள், முக்கியமாக லூக்கோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற வகை, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. வாயுவால் மாவு பொங்குகிறது, அமிலத்தால் புளிக்கிறது. வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்தில் இட்லிப் பதம் வந்துவிடும். கத்திரி வெயிலில் 5, 6 மணி நேரமே போதும். மார்கழியில் விடிந்த பிறகும் பொங்காமல் கிடக்கும். வாங்குகிறவருக்கு வருஷம் முழுவதும் ஒரே மாதிரி இட்லி வேண்டும். அதைக் கொடுப்பதற்கு வெப்பத்தையும் மணியையும் கையில் பிடித்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் முக்கால் பங்கு.

வீடுகளில் மாவு வாங்கும் நேரம் பெரும்பாலும் மாலை 5:30 முதல் 8 மணி வரை. ராத்திரிக்குத் தோசை ஊற்றிவிட்டு, மிச்சத்தை வெளியே வைத்துக் காலையில் இட்லி வார்ப்பார்கள். ஆக, மாலையில் அவர்கள் கைக்குப் போகும் மாவு லேசாகப் பொங்கத் தொடங்கியிருக்க வேண்டும், புளித்திருக்கக் கூடாது. வேலையிலிருந்து 6 மணிக்குத் திரும்பி அதன் பிறகு அரைத்தால் மாவு கைக்கு வர 8:30 ஆகிவிடும். அதற்குள் வாங்குகிறவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார். அதனால் வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவருவது அதிகாலை அரைப்பு. இரவு 10 மணிக்கு ஊற வைத்து, 4 மணிக்கு எழுந்து அரைத்து, 7 மணிக்குள் குளிர்பெட்டிக்குள் ஏற்றி, மாலையில் விற்பது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. புழுங்கல் அரிசிக்கு 5, 6 மணி நேர ஊறல் சரி. உளுந்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமே போதும். வெளியே வைத்து 6 மணி நேரம் ஊறிய உளுந்து அரைக்கும்போது காற்றைப் பிடிக்காது. மாவு தொளதொளவென்று போய்விடும், கிலோவுக்குக் காணவும் காணாது. இரவு 2 மணிக்கு எழுந்து உளுந்தைப் போட யாராலும் தினமும் முடியாது. வழி எளிது: உளுந்தைக் கழுவி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஃப்ரிட்ஜுக்குள் ஊற வையுங்கள். குளிரில் ஊறல் மெதுவாக நடக்கும், 6 மணி நேரம் ஆனாலும் உளுந்து கெட்டியாகவே இருக்கும். இன்னொரு லாபம், சில்லென்ற உளுந்து கிரைண்டரில் சூடேறாது. கல் உரசும் சூட்டில் உளுந்து மாவு வெதுவெதுப்பானால் அது பொங்குவது குறைவதோடு, மாவு சீக்கிரம் புளிக்கவும் தொடங்கும். ஊறிய தண்ணீரையே, அதுவும் ஐஸ் கட்டி போட்டு, தெளித்து அரைக்கலாம்.

அடுத்தது ஆற வைப்பது. புதிதாகத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அரைத்து முடித்த 12 கிலோ மாவை ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால், ஓரம் குளிரும், நடு குளிராது. மாவு கெட்டியானது, தண்ணீர் மாதிரி சுழன்று சூட்டை வெளியே தள்ளாது. அண்டாவின் நடுவில் மதியம் வரை 28 டிகிரி இருந்தால், அந்த நடுமாவு புளித்து முடிந்திருக்கும். மாலையில் கலக்கி ஊற்றும்போது புளித்ததும் புளிக்காததும் கலந்து போகும். ஒரு வீட்டுக்குப் போனது நன்றாக இருந்தது, பக்கத்து வீட்டுக்குப் போனது புளித்துவிட்டது என்று புகார் வருவது இதனால்தான். அரைத்தவுடனேயே ஒரு கிலோ பாத்திரங்களில், அல்லது 3 லிட்டர் தட்டைப் பாத்திரங்களில் பிரித்துவிடுங்கள். பாத்திரங்களுக்கு நடுவே விரற்கடை இடைவெளி விடுங்கள். சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜ், 30 டிகிரி மாவு 12 கிலோவை 5 டிகிரிக்குக் கொண்டுவரப் பாதி நாள் எடுத்துக்கொள்ளும். இரண்டு அரைப்பில் வரும் 23 கிலோவுக்கு அது போதவே போதாது. கடைகளில் குளிர்பானம் வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி, பழையதாக இருந்தாலும் கம்ப்ரசர் நல்லதாக இருந்தால், வாங்கிக்கொள்ளலாம். குழம்பும் மீனும் வைக்கும் பெட்டியில் விற்பனை மாவை வைக்காதீர்கள். மாவு வாசனையை இழுக்கும்.

உள்ளே ஒரு வெப்பமானி தொங்கட்டும். 4, 5 டிகிரி காட்டினால் சரி. கதவை அடிக்கடி திறந்தால் 10 டிகிரிக்கு மேல் போய்விடும். ஆகவே எத்தனை கிலோ விற்கலாம் என்பதைத் தீர்மானிப்பது குளிர்பெட்டி, கிரைண்டர் அல்ல. முதலில் பெட்டியின் அளவைப் பார்த்து, பிறகு கிரைண்டர் வாங்குவதே முறை.

இனி பொருள். அரிசியில் 'இட்லி அரிசி' என்று கடையில் கேட்டால் குட்டையாக, பருமனாக இருக்கும் புழுங்கல் அரிசியைத் தருவார்கள். ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகங்கள் இதற்கென்றே பெயர் பெற்றவை. கொஞ்சம் பழைய அரிசியே நல்லது. புது அரிசி மாவு பிசுபிசுத்து, இட்லி துணியில் ஒட்டும். விலை குறைவு என்று ரேஷன் அரிசியை வாங்கி அரைத்து விற்கப் போகாதீர்கள், பொது விநியோக அரிசியை வணிகத்துக்குத் திருப்புவது குற்றம். உளுந்தில் நிலைமை நேர்மாறு, புதுசுதான் வேண்டும். தோல் நீக்கிய முழு உளுந்து, உடைத்தது வேண்டாம். ஒரு வருஷம் கிடங்கில் கிடந்த உளுந்து பார்க்க வெள்ளையாகவே இருக்கும், அரைத்தால் பொங்காது. மூட்டை வாங்குமுன் 200 கிராம் மாதிரி வாங்கி, ஊற வைத்து, வீட்டுக் கிரைண்டரில் அரைத்துப் பாருங்கள். அரை மணியில் வெண்ணெய் போலத் திரண்டு, ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் அந்த லாட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுவும்போது முதல் தண்ணீர் சுண்ணாம்புக் கரைசல் போல வந்தால் பளபளப்புக்காக மாவு பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அளவு: அரிசி 4 கிலோ, உளுந்து 1 கிலோ, வெந்தயம் 20 கிராம், கல்லுப்பு 120 கிராம். வெந்தயத்தை உளுந்தோடு ஊற வைக்கலாம். கூடினால் கசப்பதோடு இட்லி பழுப்பாகிவிடும். உளுந்து ஊறும்போது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கும், அரைக்க இன்னும் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை எடுக்கும். அதை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. 25, 30 நிமிடம் கையால் தெளித்துத் தெளித்துச் சேர்க்க வேண்டும். வழித்து எடுத்த பிறகு அரிசியைப் போட்டு, 2.5 முதல் 3 லிட்டர் தண்ணீரில் 35, 40 நிமிடம். விரலால் தேய்த்தால் மெல்லிய ரவை நெருட வேண்டும். மழமழவென்று அரைத்தால் தோசை நன்றாக வரும், இட்லி களியாகிவிடும். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 12 கிலோ மாவு காணும். தொட்டியிலும் கரண்டியிலும் ஒட்டுவது போக 11.5 கிலோ விற்பனைக்கு வரும்.

இதற்கு மேல் தண்ணீர் ஊற்றி 13, 14 கிலோ ஆக்கலாம் என்ற சபலம் எல்லோருக்கும் வரும். தராசில் எடை கூடும், உண்மைதான். ஆனால் வாங்கியவர் அந்த மாவில் இட்லி வார்த்தால் தட்டையாக வரும். அவர் புகார் சொல்ல மாட்டார், மறுநாள் வர மாட்டார், அவ்வளவுதான். தெருவில் 30 வீட்டை நம்பிச் செய்யும் தொழிலில் ஒரு வீடு போவது பெரிய இழப்பு.

கிரைண்டருக்கு வருவோம். 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய மின்சார வெட் கிரைண்டரின் வாரிசுகள்தான் இன்றைக்கும் சந்தையில் இருப்பவை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லுக்கு நல்ல பெயர். இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டரைத் தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் மோட்டார் தாங்காது. அது ஒரு குடும்பத்துக்குச் செய்த இயந்திரம். விற்பனைக்குக் குறைந்தது 10 லிட்டர், தொட்டியைச் சாய்த்து மாவை வழிக்கும் டில்டிங் வகை, ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார். 10 லிட்டர் என்பது தொட்டியின் கொள்ளளவு, அரிசியின் அளவல்ல. 1 கிலோ உளுந்து பொங்கி 6, 7 லிட்டருக்கு வந்து நிற்கும். இரண்டு கிலோ போட்டால் தொட்டியை மீறி வழியும். அதனால் 23 கிலோ மாவுக்கு உளுந்து, அரிசி, மறுபடி உளுந்து, அரிசி என்று நான்கு தடவை ஓட்ட வேண்டும். கழுவுவதும் சேர்த்து ஏறக்குறைய 3 மணி நேரம்.

வாங்கிய புதிதில் கல் தூள் போகும்வரை நொய்யோ தவிடோ போட்டு இரண்டு மூன்று தடவை அரைத்துக் கொட்டுங்கள். பெல்ட் தளர்ந்தால் தொட்டி சுற்றும் வேகம் குறையும், அரைக்கும் நேரம் நீளும், மாவு சூடாகும். மாவு திடீரென்று சரியாக வராவிட்டால் உளுந்தைக் குறை சொல்லுமுன் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். ஈரத்தரையில், ஈரக் கையோடு, விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் செய்யும் வேலை இது. எர்த் ஒயர் உள்ள மூன்று பின் இணைப்பும், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் இல்லாமல் கிரைண்டரை ஓட்டவே கூடாது. ஓடும்போது தொட்டிக்குள் கையை விட்டு மாவைத் தள்ளுவது பலருக்கும் பழக்கம். சேலைத் தலைப்பும் வளையலும் குழவியில் மாட்டும். அதற்கு மரக்கரண்டி இருக்கிறது. அடுக்குமாடி வீடென்றால் காலை 4 மணிச் சத்தத்துக்குக் கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், கிரைண்டர் காலுக்குக் கனமான ரப்பர் மெத்தை போடுங்கள்.

கழுவுவதில் சோம்பல் பட்டால் அடுத்த நாள் மாவில் தெரியும். குழவி அச்சின் கீழேயும், மாவைத் தள்ளும் பட்டையின் பின்புறமும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய மாவு பாலுக்கு ஊற்றும் உறைமோர் மாதிரி. அது புது மாவில் கலந்தால் 8 மணி நேரத்தில் நடக்க வேண்டியது 4 மணி நேரத்தில் நடந்துவிடும். அரைத்து முடித்ததும் கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி, வெந்நீரும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, காய வைக்க வேண்டும். மாவின் மேல் இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ புள்ளி தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை விற்கக் கூடாது. மொத்தத்தையும் கொட்டுங்கள். நாள் ஒன்றுக்குக் கழுவவும் அரைக்கவும் 80, 90 லிட்டர் தண்ணீர் வேண்டும். மாவுக் கழுநீர் சாக்கடைக் குழாயில் படிந்து அடைக்கும். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் இருந்தால் தினமும் வந்து வாங்கிக்கொள்வார். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் முந்தின இரவே பிடித்துத் திறந்து வையுங்கள், குளோரின் புளிக்க விடாது.

இன்னும் சில கோளாறுகள். இட்லி கல் மாதிரி இருக்கிறது என்றால் உளுந்து பழையது, அல்லது அரைக்கும்போது சூடாகிவிட்டது. மாவின் மேல் தண்ணீர் பிரிந்து நின்றால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது பொங்கி இறங்கிப் புளித்துவிட்டது. பொங்கவே இல்லை என்றால் குளிர்ந்த மாவை வாங்கியவர் மறுபடி ஃப்ரிட்ஜிலேயே வைத்திருப்பார். "ராத்திரி வெளியே வைங்கம்மா" என்று ஒவ்வொருவரிடமும் முதல் தடவை சொல்ல வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் உப்பை அரைத்தவுடனே கலந்தால் புளிப்பு கொஞ்சம் நிதானப்படும். புளித்துப்போன மாவில் சோடா மாவு போட்டுப் புளிப்பை மறைப்பது சில இடங்களில் நடக்கிறது. செய்யாதீர்கள். மெத்தென்று வர ஆமணக்கு விதை சேர்க்கும் பழைய கைவழக்கமும் விற்பனை மாவுக்கு வேண்டாம், அந்த விதையில் நஞ்சு இருக்கிறது. நேற்றைய மிச்ச மாவை இன்றைய மாவில் கலக்காதீர்கள். அதைத் தோசைக்கென்று தனியாக, விலை குறைத்து, நேற்றையது என்று சொல்லியே விற்கலாம். வாங்க ஆள் இருக்கும்.

பணக் கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், கணக்குப் போடும் முறைதான் முக்கியம். இட்லி அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோவும் 1 கிலோவும் சேர்ந்து 330, வெந்தயமும் உப்பும் 5, மொத்தம் 335. நாளுக்கு இரண்டு அரைப்பு என்றால் 670. மின்சாரம் கிரைண்டருக்கும் குளிர்பெட்டிக்கும் நாலேகால் யூனிட், யூனிட் 10 ரூபாய்க்கு வைத்தால் 45க்குள். பை ஒன்று 2 ரூபாய் வீதம் 23க்கு 46. சோப்பு, தண்ணீர், இதர சில்லறை 15. ஆக 776 ரூபாய். 23 கிலோவையும் 50 ரூபாய்க்கு விற்றால் 1,150. அதில் 5 சதவீதம் விற்காமலோ கெட்டோ போகும் என்று கழித்தால் 1,092. மிச்சம் 316 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 8,200 சொச்சம். கிரைண்டர், பழைய குளிர்பெட்டி, பாத்திரங்கள், தராசு எல்லாம் 50,000 ரூபாய் என்றும், 5 வருஷம் உழைக்கும் என்றும் கொண்டால், அதன் தேய்மானம் மாதம் 830. கைக்கு நிற்பது 7,400 ரூபாய்க்குப் பக்கம்.

உழைப்பையும் எண்ணிப் பாருங்கள். அரைக்க 3 மணி, விற்க ஒன்றேமுக்கால் மணி, ஆக நாளுக்கு நாலேமுக்கால் மணி நேரம். மணிக்கு 66 ரூபாய். ஒரே அரைப்போடு 11.5 கிலோ மட்டும் செய்தால் மிச்சம் 142 ரூபாய், மூன்றரை மணி நேர வேலை, மணிக்கு 40 ரூபாய். ஒரு அரைப்பில் நிற்பவர் களைத்துப்போய் விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான். எழுந்திருப்பதும் கழுவுவதும் விற்க உட்காருவதும் எப்படியும் செய்தாக வேண்டிய வேலைகள், கிலோ கூடினால்தான் அவை பகிர்ந்துபோகும். வேலைக்குப் போகும் ஒருவர் தனியாளாக 23 கிலோ செய்யவும் முடியாது. வீட்டில் இரண்டாவது ஆள், ஒருவர் காலைக்கும் ஒருவர் மாலைக்கும், இருந்தால்தான் இது ஓடும். உளுந்து விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் மாதம் 1,040 ரூபாய் போய்விடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, விலை இறங்கியிருக்கும்போது ஒரு மாதத்துக்கான உளுந்து வாங்கி வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் வண்டும் வரும், மாவு பொங்குவதும் குறையும்.

மளிகைக் கடைகளுக்குப் போடலாமே என்ற யோசனை அடுத்து வரும். கடைக்காரர் 50 ரூபாய்ப் பையை உங்களிடம் 40க்கு எடுப்பார், விற்காததைத் திருப்பித் தருவார். 23 கிலோ 920 ரூபாய். பத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தால் 828. செலவு 776. நாள் முழுக்க உழைத்து 52 ரூபாய். இதோடு முடிவதில்லை. கரண்ட் பில்லுக்காக இரவில் குளிர்பெட்டியை அணைத்துவிடும் கடைகள் உண்டு. காலையில் பை பலூன் போல உப்பி வெடித்திருக்கும், பெயர் கெடுவது உங்களுக்கு. கடைக்குப் போடுவது நாளுக்கு நூற்றுக்கணக்கான கிலோ அரைக்கிறவர், தன் சொந்தக் குளிர்வண்டியும் ஆளும் வைத்திருப்பவர் செய்யும் தொழில். பெங்களூரில் 2005இல் பி.சி. முஸ்தபாவும் அவருடைய சகோதர உறவுகளும் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் நிறுவனம் சின்ன இடத்தில் ஆரம்பித்துக் கடைகள் வழியாகத்தான் வளர்ந்தது. ஆனால் அது அவர்களுக்கு முழுநேரத் தொழிலாக ஆனது. கூடுதல் வருமானம் தேடுகிறவருக்கு 25, 30 வீடுகள்தான் சந்தை. நடந்து போகும் தூரத்தில், பெயர் தெரிந்த வீடுகள்.

அந்த வீடுகளைப் பிடித்து வைக்கும் வழி முன்பதிவு. இரவு 9 மணிக்குள் வாட்ஸ்அப்பில் நாளைக்கு எத்தனை கிலோ என்று சொல்லச் சொல்லுங்கள், 10 மணிக்கு அதற்கேற்ப ஊற வையுங்கள். சனி, ஞாயிறு கூடும், விரத நாட்களில் உளுந்து வடை மாவு கேட்பார்கள், தீபாவளிக்கு முந்தின நாள் வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள். அன்றைக்குக் குளிர்பெட்டி கொள்ளும் அளவுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். வடை மாவு கிலோவுக்கு அதிக விலை போகும், ஆனால் தண்ணீர் ஒரு கை கூடினாலும் எண்ணெயில் பிரிந்துவிடும். மாத இறுதியில் தருகிறேன் என்பவர்களுக்கு நோட்டில் கணக்கு எழுதலாம், ஒரு வீட்டுக்கு 500 ரூபாய்க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பைக்குப் பதிலாகப் பாத்திரம் யோசியுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. மெல்லிய கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் பழைய வழி அதில் மாட்டும். வீட்டுக்கு இரண்டு எவர்சில்வர் டப்பா, முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்து, ஒன்று போக ஒன்று வர மாற்றிக்கொண்டால் பைச்செலவில் மாதம் 1,200 ரூபாய் மிஞ்சும். டப்பாவின் மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், பொங்க இடம் வேண்டும். எடை போட்டே விற்க வேண்டும். பொங்கிய மாவைக் கரண்டிக் கணக்கிலோ லிட்டர் கணக்கிலோ விற்றால் பாதி காற்று. மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை எடையளவுத் துறையின் முத்திரை வாங்க வேண்டும். முன்கூட்டியே பை கட்டி விற்பதானால் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த தேதி, அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும்.

உரிமங்கள் அதிகம் இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், 6 கிலோ விற்றாலும். 2011 விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு உற்பத்தியாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் எளிய பதிவை வகுத்தன. 23 கிலோ கணக்கில் உங்கள் ஆண்டு விற்பனை 3.6 லட்சம்தான் வரும். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் வைத்து ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை, படமும் அடையாளச் சான்றும் வைத்து நீங்களே பதியலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பையிலும் வாசலிலும் போட வேண்டும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், வங்கிக் கடன் கேட்கும்போது உதவும். ஈர மாவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆனால் பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு தேவை, அது இங்கே பேச்சில்லை.

மின்சாரத்தை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டு இணைப்பில் வியாபாரக் கிரைண்டர் ஓட்டுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் வரும், பிடிபட்டால் அந்தப் பயன்பாட்டுக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிப்பார்கள். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, தொழிலுக்குத் தனி இணைப்பு வாங்கிக்கொள்வது நிம்மதி. மேலே கணக்கில் யூனிட்டுக்கு 10 ரூபாய் வைத்தது அதற்காகவே. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் இதற்கும் வேண்டும். அரசு ஊழியராக இருப்பவர் முன் அனுமதியின்றி வணிகம் செய்ய நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. தனியார் வேலையில் இருப்பவர் நியமனக் கடிதத்தை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

இதெல்லாம் பார்த்த பிறகும் செய்யலாம் என்று தோன்றினால், பணத்தைப் போடுமுன் மூன்று வாரம் சோதனை. பதிவை வாங்கிக்கொண்டு, வீட்டிலிருக்கும் 2 லிட்டர் கிரைண்டரிலேயே 1 கிலோ அரிசி, 250 கிராம் உளுந்து வீதம் இரண்டு தடவை, ஏறக்குறைய 6 கிலோ மாவு, ஆறு வீட்டுக்கு. லாபம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு நோட்டில் தினமும் எழுத வேண்டியவை: ஊற வைத்த மணி, அரைத்த மணி, அரைத்து முடித்தபோது மாவின் வெப்பம், மாலை 6 மணிக்கு பெட்டிக்குள் வெப்பம், எந்த வீடு எத்தனை கிலோ, மறுநாள் அவர்கள் சொன்ன ஒரு வார்த்தை. மூன்றாவது வாரத்தில் ஆறு வீட்டில் ஐந்து வீடாவது நீங்கள் கேட்காமலே மறுபடி வாங்கியிருந்தால், அதற்குப் பிறகு கோயம்புத்தூர்க் கிரைண்டர் விலையை விசாரிக்கலாம்.